மேலிருந்து பார்க்கையில் மனிதர் எங்கே? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மைக்கேல் லைட், டேவிட் மைசெல் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை வானிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை அண்மையில் பார்த்தேன். கண் நிறைந்தது, ஆனால் ஒரு மனித முகம்கூட இல்லை. கோடிக்கணக்கானோர் வாழும் நிலப்பரப்பை வெறும் கோலமாக்கிவிடுவதைக் கலை என்று சொல்ல முடியுமா? ட்ரோன் வைத்திருக்கும் எவரும் இன்று இதைச் செய்துவிடலாம் அல்லவா?

க.

அன்புள்ள க.,

உயரம் எதையும் அழகாக்கிவிடும் என்ற உங்கள் ஐயம் நியாயமானது. குப்பைமேடும் போதிய உயரத்திலிருந்து பார்த்தால் நல்ல படமாகிவிடும். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸைப் பொறுத்தவரை, மனிதர்கள் அந்த நிலத்தில் என்ன செய்தார்கள் என்பதில் பெரும்பகுதி தரையில் நிற்பவருக்குத் தெரிவதே இல்லை. நகர மையத்துத் தெருக்கள் வடக்கு தெற்காக ஓடாமல் சாய்ந்து கிடக்கின்றன. மேற்கே ஹூவர் தெருவை ஒட்டி அவை திசைகாட்டிக்கு இணங்க நேராகத் திரும்பிக்கொள்கின்றன. சாய்வு 1781இல் ஸ்பானியர் நிறுவிய குடியிருப்பின் வழி வந்தது. நேர்கோடு பின்னால் வந்த அமெரிக்க நில அளவையின் வழக்கம். காரில் போகிறவருக்கு ஒரு சிறு திருப்பமாக மட்டுமே தெரிவது, மேலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு அரசுகள் சந்தித்த தையலாகத் தெரிகிறது. 1938 வெள்ளத்துக்குப் பின் ஏறத்தாழ முழு நீளத்துக்கும் கான்கிரீட் வாய்க்காலாக்கப்பட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றையும் அப்படித்தான் முழுமையாகக் காண முடிகிறது.

முகம் இல்லாவிட்டாலும் மனிதர் இருக்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று சற்றுப் பழையது. 1967இல் அமெரிக்க ஓவியர் எட் ருஷே, ஆர்ட் அலானிஸ் என்ற ஒளிப்படக்காரரை ஹெலிகாப்டரில் அனுப்பி, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காலியாகக் கிடந்த வாகன நிறுத்துமிடங்களைப் படமெடுக்கச் செய்து, அவற்றில் 34 இடங்களை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். வண்டிகளோ ஆட்களோ ஏறக்குறைய இல்லாத அந்தப் படங்களில் வண்டிகள் சொட்டிவிட்டுப் போன எண்ணெய்க் கறைகள் இருக்கின்றன. வண்டி நிறுத்தும் எந்தக் கட்டத்துக்குள் கறை அடர்ந்திருக்கிறதோ அங்கேதான் மக்கள் வண்டியை நிறுத்த விரும்பியிருக்கிறார்கள். அங்கே வந்துபோனவர்களைப் பற்றி ஒரு முகப்படத்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

லைட் இந்த மரபில் வருபவர் என்றே நினைக்கிறேன். சிறு விமானத்தைத் தாமே ஓட்டிச் செல்லக்கூடியவர் அவர். பகல் படங்களில் சூரியனை நேர்கொண்டு பார்க்கிறார். அதனால் கட்டடங்களின் விவரம் கரைந்து, நகரம் அமைந்திருக்கும் தாழ்நிலப் படுகையை நிறைத்திருக்கும் மங்கல் மேலெழுகிறது. மலைகள் சூழ்ந்த அந்தப் படுகையின் மேல் வெப்பக் காற்று ஒரு மூடியாகப் படிந்து, கீழே வாகனப் புகையை வெளியேறவிடாமல் தடுக்கிறது. நீங்கள் தேடிய மக்கள், அவர்கள் ஓட்டிய வண்டிகளின் புகை வழியாக, அந்த மங்கலில் இருக்கிறார்கள். மைசெலிடம் எனக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை. அவர் ஒளியையும் இருளையும் இடம் மாற்றி, நகரையே ஒரு நெகட்டிவ் ஆக்கிவிடுகிறார். நிழல்கள் வெளுத்து, எல்லாம் எரிந்து முடிந்ததுபோல் தோன்றுகிறது. அழுத்தமான படங்கள்தான், ஆனால் தீர்ப்பை அவரே எழுதிவிடுவதால் பார்ப்பவர் கண்டுபிடிக்க அதிகம் மிஞ்சுவதில்லை. உங்கள் குற்றச்சாட்டை இவர்மீது வைத்தால் நான் பெரிதாக மறுக்க மாட்டேன்.

ட்ரோனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் பொதுவாக அது தரையிலிருந்து 400 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 120 மீட்டருக்கு மேல் பறக்க அனுமதி இல்லை. அந்த உயரத்தில் கூரைகளும் நீச்சல் குளங்களும் ஒரு பேட்டையின் வளைவுகளும் துல்லியமாகக் கிடைக்கும். அது வேறு வகைப் படம், அதற்கும் பயன் உண்டு. ஆனால் நகரம் மலையடிவாரம் வரை இடைவெளியின்றிப் பரந்திருப்பதை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவரப் பல ஆயிரம் அடி உயரம் வேண்டும். லைட் விமானத்தில் ஏறிப் போவது அதற்காகத்தான்.