சமூகப்பணிக்கு உயிரியல் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் எம்.எஸ்.டபிள்யூ. முதலாண்டு மாணவி. சமூகப்பணி படிக்க வந்த எங்களுக்கு மனித உடலைப் பற்றி ஒரு தாள் எதற்கு என்று விளங்கவில்லை. வறுமைக்கான பழியைப் பரம்பரையின் மேல் போடத்தானே உயிரியல் பயன்பட்டிருக்கிறது? அதற்கு நாமே வாசல் திறந்துவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அச்சத்துக்கு நம் தொழிலின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1924இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வது பற்றிய வழக்கில், அவருடைய கைக்குழந்தையின் தோற்றம் இயல்பாக இல்லை என்று சாட்சி சொன்னவர் ஒரு சமூகப்பணியாளர். அறிவுக்குறைவு அக்குடும்பத்தில் வழிவழியாக வருகிறது என்று காட்ட அச்சாட்சியம் உதவியது. 1927இல் உச்ச நீதிமன்றமும் கருத்தடைக்கு அனுமதி தந்தது. பின்னாளில் அக்குழந்தை பள்ளியில் நன்றாகவே படித்தது. குழந்தையின் வளர்ச்சியைச் சோதிக்கும் முறைகளை ஒழுங்காகக் கற்ற ஒருவர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தயங்கியிருப்பார் என்பது என் எண்ணம்.

களத்துக்கு வருவோம். பல்லாண்டுகள் நாள்தோறும் குடித்தவர், மனைவியின் கண்ணீரைக் கண்டு ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார். மூன்றாம் நாள் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்கிறார், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை. வீட்டார் காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். ஆலோசனை முறைகளை மட்டும் கரைத்துக் குடித்த நம் ஆள் அவருடைய மனஉறுதியைப் பாராட்டிக்கொண்டிருப்பார். மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் நிலைகுலைந்து கொந்தளிப்பதால் வரும் இந்நிலை உயிரையே பறிக்கக்கூடியது. அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியது. அதேபோல், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அதை இரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவரை ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம்.

வறுமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஏழைகள் மிகுந்த ஃபிளிண்ட் நகரில் 2014இல், செலவைக் குறைப்பதற்காகக் குடிநீர் ஆதாரத்தை மாற்றியதில் பழைய குழாய்களிலிருந்து நச்சு உலோகமான ஈயம் கரைந்து நீரில் கலந்தது. மக்கள் எத்தனை முறையிட்டும் அசையாத அதிகாரிகள், குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை 2015இல் ஒரு குழந்தை மருத்துவர் கணக்கோடு காட்டிய பிறகே இறங்கி வந்தார்கள். அங்கே உயிரியல் ஏழைகளின் பக்கம் நின்று பேசியது.

ஒன்றில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன். அந்தத் தாளின் பெயரில் எலும்புகளின் எண்ணிக்கையை மனப்பாடம் செய்யச் சொன்னால் (பல இடங்களில் அதுதான் நடக்கிறது) துறைத்தலைவரிடம் எழுத்திலேயே முறையிடுங்கள். மதுமீட்பு, காசநோய், இரத்தசோகை, பேறுகாலம் ஆகியவற்றைக் களப்பணியோடு சேர்த்துக் கற்பிக்கக் கேளுங்கள்.