ஆங்கிலம் தெரியாத 7 வயதுப் பிள்ளை ரொறன்ரோ அரசுப் பள்ளிக்கூடத்தில் சமாளிப்பானா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாக ஸ்காபுறோ வருகிறோம். மகனுக்கு 7 வயது, ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்ல மட்டும் தெரியும். ஒரு வகுப்புக் கீழே போட்டுவிடுவார்களா? எங்களைப் போலப் புதிதாக வரும் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன உதவி கிடைக்கும்?

பதில்:

கீழே போட மாட்டார்கள். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் வகுப்பைத் தீர்மானிப்பது பிறந்த ஆண்டுதான். பள்ளி தொடங்கும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் அவனுக்கு 7 வயது நிறைந்தால் இரண்டாம் வகுப்பு, 8 நிறைந்தால் மூன்றாம் வகுப்பு. ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாவிட்டாலும் அதே வகுப்புத்தான்.

நான் ஆசிரியை இல்லை. ஸ்காபுறோவில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்பது வருடமாக மதிய இடைவேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ‘லஞ்ச்ரூம் சூப்பவைசர்’ என்பார்கள். சாப்பாட்டுப் பெட்டி திறந்து கொடுப்பது, சண்டை விலக்குவது, அழுகிறவரின் மூக்கைத் துடைப்பது, இதுதான் வேலை. அதற்கு முன் என் மகளை உங்களைப் போலவே பயந்து பயந்து கொண்டுவந்து சேர்த்தவள். ஆகவே வகுப்பறை வாசலுக்கு வெளியே நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

தொடக்கப் பள்ளி என்றால் நேரே உங்கள் வீட்டு முகவரிக்கு உரிய பள்ளியின் அலுவலகத்துக்குப் போனால் போதும். பிள்ளையின் வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, குடிவரவுக் கடதாசி, ஊசி அட்டை. குடிவரவு விஷயம் சிக்கலில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒன்று: பெற்றோர் சட்டப்படி நாட்டில் இல்லை என்ற காரணத்துக்காகப் பிள்ளையை மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. ரொறன்ரோ மாவட்டப் பள்ளிச் சபை 2007இல் இதற்கென்று தனிக் கொள்கையே வைத்தது.

ஊசி அட்டையைக் கைப்பையில் கொண்டு வாருங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள். இலங்கையில் அரசாங்கம் போடும் ஊசிகளில் கூகைக்கட்டு, தட்டம்மை எல்லாம் உண்டு. கொப்புளிப்பானுக்கும் மெனிஞ்சோகொக்கல் என்ற மூளைக்காய்ச்சல் கிருமிக்கும் இல்லை. இங்கே இரண்டும் கேட்பார்கள். பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து கடிதம் வரும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு இருந்தால் பிள்ளையைச் சில நாள் வீட்டில் நிறுத்திவைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அலுவலகத்தில் சிரித்துப் பேசிவிட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

இனிப் பெயர். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, எனக்கோ இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான், ஏறக்குறைய உங்கள் மகனின் வயதுதான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வரிசையில் நிற்கச் சொன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மூன்றாம் நாள் அவன் ரீச்சர் என்னிடம் வந்து, காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டுமோ என்று கேட்டார். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அவர்கள் மூன்று நாளாகக் கூப்பிட்டது அவனுடைய அப்பாவின் பெயரை. கடவுச்சீட்டில் எது முதல் பெயர், எது குடும்பப் பெயர் என்பது மாறிப்போய் அப்படியே கணினியில் ஏறியிருக்கிறது. பிள்ளை தன் அப்பா எங்கேயோ நிற்கிறார் என்று நினைத்திருப்பான் போல. தமிழில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், சாப்பாட்டுப் பெட்டியையும் விட்டுவிட்டு ஓடி வந்தான். பதிவு செய்யும்போதே, “இதுதான் கூப்பிடும் பெயர்” என்று எழுதிக் கொடுங்கள். ரீச்சருக்கு இரண்டு தரம் சொல்லிக் காட்டுங்கள். ‘ழ’ வராவிட்டால் பரவாயில்லை.

ஆங்கிலத்துக்கு வருவோம். தொடக்கத்தில் ஓர் ஆசிரியர் அவனோடு இருந்து என்ன தெரியும் என்று பார்ப்பார். இது சித்தி, தவறு என்ற பரீட்சை இல்லை. ‘ஸ்டெப்’ என்று ஆறு படிகள் வைத்திருக்கிறார்கள், அதில் எங்கே நிற்கிறான் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு ஈ.எஸ்.எல்., அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் சில பாடவேளைகளில் வெளியே கூட்டிப்போவார், அல்லது வகுப்புக்குள்ளேயே பக்கத்தில் இருந்து உதவுவார். எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். எங்களிடம் அது போதாது என்றுதான் நான் சொல்வேன். போர், அலைச்சல் என்று பள்ளிக்கூடமே ஒழுங்காகப் போகாத பிள்ளைகளுக்கு ஈ.எல்.டி. என்று தனி ஏற்பாடு இருக்கிறது. உங்கள் மகன் ஊரில் ஒழுங்காகப் படித்தவன் என்றால் அது தேவைப்படாது.

முதல் சில மாதம் அவன் வாயே திறக்காமல் இருக்கலாம். காதால் சேர்த்துக்கொண்டிருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் திடீரென்று ஆங்கிலம் கொட்டும், நீங்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜிம் கம்மின்ஸ் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர்: விளையாட்டிடத்துப் பேச்சு ஏறத்தாழ இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்கக் குறைந்தது ஐந்து வருடமாவது ஆகும். அதனால் நாலாம் வகுப்பில் கணக்கு வாசகம் விளங்கவில்லை என்றால் பிள்ளை மந்தம் என்று முடிவு கட்டாதீர்கள்.

வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வாருங்கள். மிசிசாகாவில் தோர்ன்வுட் என்ற அரசுப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோரின் உதவியோடு இரண்டு மொழியில் கதைப் புத்தகம் எழுதினார்கள். அது வெளிநாட்டு ஆசிரியர்கள்வரை பேசப்பட்ட வேலை. தமிழில் நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு, வாசிப்பு என்றால் என்ன என்று மறுபடி கற்றுக்கொடுக்கத் தேவையில்லை, எழுத்து மட்டும்தான் புதிது. ஒன்ராறியோவில் 25 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் பள்ளிச் சபை அந்த மொழி வகுப்பை நடத்த வேண்டும். ஸ்காபுறோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

பெரியவர்களுக்கு உள்ள உதவியில் முக்கியமானது ‘செட்டில்மென்ட் வேக்கர்’. மத்திய அரசின் பணத்தில் பள்ளிகளுக்கே வந்து இருப்பார்கள். மருத்துவ அட்டை, பிள்ளைகள் கொடுப்பனவு விண்ணப்பம், பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு எல்லாவற்றுக்கும் வழி காட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிறவரே கிடைப்பார். ஆனால் அவர் உங்களைத் தேடி வீட்டுக்கு வரமாட்டார்.

எங்கள் ஆட்கள் அகப்பட்டுக்கொள்வது இங்கேதான். ரீச்சருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு நவம்பர், பெற்றோர் சந்திப்பு. ஒரு தாய் பதினைந்து நிமிடம் சிரித்துக்கொண்டே “யெஸ், யெஸ்” என்று தலையாட்டினார். வெளியே வந்து என் கையைப் பிடித்தார்: “அக்கா, அவ என்ன சொன்னவ?” பலகையில் எழுதியிருப்பது மகளின் கண்ணுக்குத் தெரியவில்லை, கண் வைத்தியரிடம் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார் ரீச்சர். இங்கே பத்தொன்பது வயதுவரை வருடத்துக்கு ஒரு கண் பரிசோதனை மருத்துவ அட்டையிலேயே அடங்கும், ஐந்து சதம் செலவில்லை. சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். ஐந்தாம் வகுப்பு அக்காவைக் கூட்டிவந்து தம்பியின் குறையைச் சொல்ல வைக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடு பற்றி என் வேலைக்காகவே இரண்டு வரி. ஒவ்வாமைப் பிள்ளைகளைப் பாதுகாக்க 2005இல் இங்கே ‘சப்ரினா சட்டம்’ வந்தது, ஆகவே கச்சான், கச்சான் அல்வா எதுவும் வேண்டாம். சாப்பிட இருபது நிமிடம் சொச்சந்தான். சோற்றை மலையாகக் கட்டி அனுப்பாதீர்கள். இதுவரை அம்மம்மா குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தால், விமானம் ஏறுமுன் நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பனி உடுப்பு. நல்ல குளிரிலும் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்புவோம், கடும் குளிர் என்றால்தான் உள்ளே வைத்திருப்போம். முதலில் பனிக் காற்சட்டை, பிறகு சப்பாத்து, அதன்பின் ஜக்கெட், கடைசியாகக் கையுறை. கையுறையை முதலில் போட்டுவிட்டுச் சிப்பை இழுக்க முடியாமல் நிற்கிற பிள்ளைகள் ஒவ்வொரு டிசம்பரிலும் பத்துப் பேர். வீட்டில் இரண்டு தரம் பழக்குங்கள். வாங்க வசதி இல்லையென்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் ஓர் அலுமாரி நிறைய வைத்திருக்கிறோம், யாரையும் ஏன் என்று கேட்பதில்லை. கழுத்துப் பட்டையில் பெயரை எழுதிவிடுங்கள். அவன் பெயரை, அப்பாவின் பெயரை அல்ல.