ஹார்ன்ரெஸ்ப் காட்டிய பேஸ், பெட்டியில் ஏன் வரவில்லை?

கேள்வி: 18 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு மடித்த ஹார்ன் பெட்டி (டபிள்யூ பின்) செய்தோம். ஹார்ன் பெட்டி எப்படி ஒலிக்கும் என்று முன்கூட்டியே கணக்கிடும் ஹார்ன்ரெஸ்ப் மென்பொருளில் 45 ஹெர்ட்ஸ் வரை நன்றாக வரும் என்று வளைவு காட்டியது. பெட்டியை முடித்து மைதானத்தில் வைத்துப் பார்த்தால் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே காற்றுகூட வரவில்லை. மேலே ஏற்ற இறக்கமும் அதிகம். ஹார்னின் தொண்டை (ஸ்பீக்கர் பக்கத்துக் குறுகிய முனை) 600 சதுர செ.மீ., வாய் (ஒலி வெளியேறும் அகன்ற முனை) 5,400 சதுர செ.மீ., நீளம் 180 செ.மீ., பின் அறை 120 லிட்டர். ஸ்பீக்கரின் தாளில் எஸ்டி (கோனின் பரப்பு) 1,210 சதுர செ.மீ., எம்எம்எஸ் (ஆடும் எடை) 210 கிராம், எஃப்எஸ் (ஒத்ததிர்வு அலைவரிசை) 34 ஹெர்ட்ஸ், விஏஎஸ் (கோனின் தளர்வுக்குச் சமமான காற்றின் கன அளவு) 218 லிட்டர் என்று இருக்கிறது. மென்பொருளின் ஆங் கட்டத்தில் 0.5 பை என்று கொடுத்தோம். தவறு மென்பொருளிலா, பெட்டியிலா?

பதில்: மென்பொருள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. அது போட்டது வேறொரு பெட்டிக்கான கணக்கு, அவ்வளவுதான். ஆஸ்திரேலியரான டேவிட் மெக்பீன் எழுதி இலவசமாகத் தரும் இந்த மென்பொருள், கொடுத்த எண்ணை எதிர்த்துக் கேள்வி கேட்பது அரிது. ஆகவே எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் சந்தேகம் ஆங் கட்டத்தின் மேல்தான். ஒலி பரவுவதற்கு எவ்வளவு வெளி இருக்கிறது என்பதை அந்த எண் சொல்கிறது. பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டால் 4 பை, தரையில் வைத்தால் 2 பை, தரையும் ஒரு சுவரும் சேர்ந்தால் 1 பை, தரையும் இரண்டு சுவர்களும் கூடும் மூலையென்றால் 0.5 பை. 1946-இல் வந்த கிளிப்ஷ் மூலை ஹார்ன் சிறிய உடம்போடு ஆழமான பேஸ் தந்ததற்குக் காரணம் இந்த 0.5 பைதான், வீட்டின் சுவர்களையே அது தன் ஹார்னின் மிச்சமாக வைத்துக்கொண்டது. உங்கள் பெட்டி நின்றதோ திறந்த மைதானம். அங்கே 2 பைதான் சரி. வெளி ஒவ்வொரு முறை பாதியாகும்போதும் அடி அலைவரிசையில் 3 முதல் 6 டெசிபல் வரை கூடும். 2 பையிலிருந்து 0.5 பைக்கு வருவது இரண்டு பாதியாக்கல். ஆகவே 6 முதல் 12 டெசிபல் வரை, உண்மையில் இல்லாத சத்தத்தைத் திரையில் பார்த்திருக்கிறீர்கள்.

வாயின் அளவை வைத்து இதைக் கையாலேயே சரிபார்க்கலாம். தொண்டையிலிருந்து வாய்வரை உங்கள் பரப்பு 9 மடங்கு விரிகிறது. 9-இன் இயல் மடக்கை 2.197, அதை 1.8 மீட்டரால் வகுத்தால் விரிவு வீதம் 1.22. அதை ஒலியின் வேகமான 344-ஆல் பெருக்கி 12.57-ஆல் வகுத்தால் 33 ஹெர்ட்ஸ் வருகிறது. அதாவது, விரியும் வேகத்தை மட்டும் பார்த்தால் இது 33 ஹெர்ட்ஸ் ஹார்ன். ஆனால் தரையில் நிற்கும் ஹார்னின் வாய்ப் பரப்பு, அலைநீளத்தின் வர்க்கத்தை 25.1-ஆல் வகுத்தால் கிடைக்கும் அளவாவது இருந்தால்தான் ஒலி வாயில் முட்டித் திரும்பாமல் வெளியேறும். 5,400 சதுர செ.மீ. அந்தக் கணக்கில் 93 ஹெர்ட்ஸுக்குத்தான் போதும். அதற்குக் கீழே ஹார்ன் அடியோடு நின்றுவிடாது. ஆனால் ஒலியின் ஒரு பங்கு வாயிலிருந்து தொண்டைக்கே திரும்பிப் போகும். நீங்கள் பார்த்த ஏற்ற இறக்கம் அதனால் வந்ததுதான்.

அதே பெட்டிகள் இரண்டை ஒட்டி வைத்தால் இந்த எல்லை 66 ஹெர்ட்ஸுக்கும், நான்கை வாயோடு வாய் சேர்த்து அடுக்கினால் 47 ஹெர்ட்ஸுக்கும் இறங்கும். இங்கே ஒரு வேடிக்கை: தரையில் நான்கு பெட்டிகளை அடுக்கியதும், ஒரு பெட்டியை 0.5 பையில் வைத்ததும் அடி அலைவரிசையில் ஒரே கணக்குதான். ஆகவே நீங்கள் எடுத்த வளைவை வீணென்று தள்ள வேண்டாம். அது நான்கு பெட்டி அடுக்கின் வளைவு. சத்தத்தின் அளவும் நான்குக்கும் சேர்த்தே வந்துவிட்டது. மேற்கொண்டு 6, 12 டெசிபல் என்று கூட்டாதீர்கள். ஒரே பெட்டியை மட்டும் வாடகைக்கு அனுப்பும் எண்ணமென்றால், இந்த அளவில் ஹார்ன் செய்வதையே நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே மரத்தில் ஒரு ரிஃப்ளெக்ஸ் பெட்டி (காற்றுத் துளை வைத்த சாதாரணப் பெட்டி) 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இதைவிட உருப்படியாக ஒலிக்கும்.

அடுத்தது எடை. ஹார்ன்ரெஸ்ப் கேட்பது எம்எம்டி. தாளில் அச்சாகியிருப்பது எம்எம்எஸ். எம்எம்எஸ்ஸில் கோனோடு சேர்ந்து ஆடும் காற்றின் எடையும் அடக்கம். எம்எம்டியில் அது கிடையாது, ஏனென்றால் காற்றின் சுமையை மென்பொருள் தானே போட்டுக்கொள்கிறது. உங்கள் கோனின் ஆரம் ஏறத்தாழ 19.6 செ.மீ. இரு பக்கக் காற்றும் சேர்ந்து 48 முதல் 49 கிராம் வரை வரும். ஆகவே கொடுக்க வேண்டியது 161 கிராம் அளவில். 210-ஐ அப்படியே தட்டியிருந்தால் காற்று இரண்டு முறை கணக்கில் ஏறி, ஒத்ததிர்வு 34-இலிருந்து 30.6 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கீழே இல்லாத பேஸ் இருப்பதுபோல் தெரியும், மேலே இருக்கிற ஒலி குறைந்ததுபோல் தெரியும்.

இதைத் தவிர்க்க, எண்களைத் தட்டுவதில் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். திருத்தும் நிலையில் எஸ்டியை முதலில் நிரப்புங்கள். சிஎம்எஸ் (கோனைத் தாங்கும் ஸ்பிரிங்கின் தளர்வு) கட்டத்தை இரட்டைச் சொடுக்கு செய்தால் விஏஎஸ் கேட்கும், 218 கொடுங்கள். எம்எம்டி கட்டத்தை இரட்டைச் சொடுக்கு செய்து எஃப்எஸ் 34 கொடுங்கள். காற்றின் எடை போக மீதியை அதுவே எழுதிவிடும். ஆர்இயை (சுருளின் மின்தடை) நிரப்பிய பிறகு பிஎல் (காந்தம் சுருளைத் தள்ளும் விசை), ஆர்எம்எஸ் (இயந்திர உராய்வு) இரண்டுக்கும் அதேபோல் தாளில் உள்ள கியூஇஎஸ், கியூஎம்எஸ் (மின், இயந்திரத் தணிப்பு எண்கள்) மதிப்புகளைத் தரலாம். சிஎம்எஸ் 0.000104 (மீட்டர் / நியூட்டன்) அருகே வந்து நின்றால் சரி. தாளில் அது 0.104 மி.மீ. / நியூட்டன் என்று இருக்கும். 0.104 என்று தட்டினால் ஸ்பிரிங் ஆயிரம் மடங்கு தளர்ந்துபோகும். அலகில் இன்னொரு பள்ளம் உண்டு: பின் அறை விஆர்சி லிட்டரில், கோனுக்கு முன்னால் உள்ள இடைவெளி விடிசி கன செ.மீ.யில். கோன் குழியும் பலகைத் துளையும் சேர்ந்து 4.5 லிட்டர் என்றால் 4,500 என்று எழுத வேண்டும். பேஸ் பெட்டியில் இதனால் பெரிய மாற்றம் வராது. மிட் ஹார்னில் இதே தவறு மேல் எல்லையையே மாற்றிவிடும்.

பெட்டியின் வடிவத்துக்கு வருவோம். தச்சுப் பெட்டியில் அகலம் கடைசிவரை மாறாது; இரண்டு நேர்ப் பலகைகள் மட்டும் விலகிக்கொண்டே போகும். அப்படியானால் பரப்பு தூரத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. ஹார்ன்ரெஸ்ப்பில் இதற்கான தேர்வு 'பார்' (பாரபாலிக்). பலர் நேர்ப் பலகையைப் பார்த்ததும் 'கான்' போட்டுவிடுகிறார்கள். அது அகலமும் உயரமும் சேர்ந்து விரியும் கூம்புக்கு உரியது. 600-இலிருந்து 1,500 சதுர செ.மீ.க்கு விரியும் துண்டின் நட்ட நடுவில் 'பார்' 1,050 என்கிறது, 'கான்' 999, 'எக்ஸ்ப்' (ஒரே விகிதத்தில் பெருகும் எக்ஸ்பொனென்ஷியல் விரிவு) 949. ஒரு துண்டில் இது சிறிய வேறுபாடுதான், நான்கு துண்டுகளில் சேர்ந்துவிடும். மொத்தம் நான்கு துண்டுகள்வரை கொடுக்க முடியும் என்பதால், ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு துண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

அளவுகள் எல்லாம் உள்ளளவாக இருக்க வேண்டும். 18 மி.மீ. பிளைவுட்டில் வெளியே 60 செ.மீ. என்றால் உள்ளே 56.4 தான். அதை மறந்தால் பரப்பில் 6 சதவீதம் பிசகும். உங்கள் 5,400 உள்ளளவு என்று நம்பித்தான் மேலே கணக்குப் போட்டேன். டபிள்யூ பின்னில் பாதை இரண்டாகப் பிரிந்து வாயில் சேர்வதால், இரண்டு பாதைகளின் பரப்பையும் கூட்டி எழுத வேண்டும்; நீளத்தைக் கூட்டக் கூடாது. நீளம் என்பது பாதையின் நடுக்கோடு. வாய்த் திருத்தம் என்று நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள், மென்பொருள் அதைப் பார்த்துக்கொள்கிறது. இன்னொன்று, இந்தக் கணக்குக்கு அடிப்படை இயற்பியலாளர் வெப்ஸ்டர் 1919-இல் வெளியிட்ட சமன்பாடு. ஒலி ஒரே திசையில் போகிறது என்று அது வைத்துக்கொள்கிறது. மடிப்பு மூலைகளில் நடப்பது அதற்குத் தெரியாது. ஆகவே 200 ஹெர்ட்ஸுக்கு மேல் திரையில் தெரியும் கூர் முனைகளையும் பள்ளங்களையும் நம்பிப் பலகையை வெட்டாதீர்கள்.

எண்களைத் திருத்திய பிறகும் சந்தேகம் இருந்தால், மைக்கை எடுப்பதற்கு முன் மின்மறுப்பு வளைவை (ஒவ்வொரு அலைவரிசையிலும் ஸ்பீக்கர் காட்டும் மின் எதிர்ப்பு) எடுங்கள். அறையும் காற்றும் மைக் வைக்கும் இடமும் அதை அதிகம் தொடாது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள், இரண்டு உள்ளீடு உள்ள ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு, 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, இவை போதும். ஹெட்ஃபோன் வெளியீட்டிலிருந்து ரெசிஸ்டர் வழியாக ஸ்பீக்கருக்குக் கொடுத்து, ரெசிஸ்டரின் இரு முனைகளையும் இரண்டு உள்ளீடுகளில் படிக்க வேண்டும். திறந்த முனை, குறுக்கிணைப்பு, தெரிந்த ரெசிஸ்டர் என மூன்று அளவீட்டுச் சரிபார்ப்பையும் விடாதீர்கள்.

பெட்டிக்கு வெளியே ஸ்பீக்கரை மட்டும் அளந்து எஃப்எஸ் பாருங்கள். புதிய ஸ்பீக்கரில் 34-க்குப் பதில் 38 வந்தால் ஆச்சரியமில்லை. கோனின் ஓரம் இன்னும் இறுக்கமாக இருக்கும். சில மணி நேரம் 25 ஹெர்ட்ஸ் சைன் அலையை மிதமாக ஓட்டிவிட்டு மறுபடி அளந்து, அந்த எண்ணையே மென்பொருளில் போடுங்கள். பிறகு பெட்டிக்குள் மாட்டி அளந்து, ஹார்ன்ரெஸ்ப்பின் மின்மறுப்பு வளைவோடு ஒப்பிடுங்கள். எல்லா முகடுகளும் ஒரே விகிதத்தில் கீழே இறங்கியிருந்தால் பாதை நீங்கள் நினைத்ததைவிட நீளம். முதல் முகடு மட்டும் மேலே ஏறியிருந்தால் பின் அறை சிறிது. ஸ்பீக்கரின் காந்தமும் தாங்கு கட்டைகளும் தின்ற இடத்தைக் கழிக்க மறந்திருப்பீர்கள். முகடுகள் இடத்தில் இருந்தும் மழுங்கிக் குட்டையாக இருந்தால் காற்றுக் கசிவு. 30 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓட்டி, எரியும் ஊதுபத்தியைப் பின் மூடி, மூலைகள், கேபிள் துளை என்று மெதுவாகக் கொண்டுபோனால் புகை துடிக்கும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் பின் மூடியில் ஃபோம் டேப் ஒட்டாததுதான்.

மைக் அளவீடு அதற்குப் பிறகு. திறந்த வெளியில், மைக்கைத் தரையிலேயே படுக்கவைத்து, வாயிலிருந்து 4 மீட்டரில் அளந்து 12 டெசிபல் கூட்டுங்கள். இவ்வளவு பெரிய வாய்க்கு 1 மீட்டரில் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

கடைசியாக, கோன் எவ்வளவு ஆடுகிறது என்பதை 2.83 வோல்ட்டில் பார்க்காதீர்கள். 8 ஓமில் 600 வாட் ஓட்டுவீர்கள் என்றால் ஈஜி (மென்பொருளில் கொடுக்கும் மின்னழுத்தம்) 69 வோல்ட். அந்த எண்ணைக் கொடுத்துக் கோன் அசைவு வளைவைத் திறந்து, தாளில் உள்ள எக்ஸ்மேக்ஸை (கோன் சீராக ஆடக்கூடிய எல்லை) எந்த அலைவரிசையில் தாண்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடிய பின் அறை ஓரளவு பிடித்துக்கொள்ளும், ஆனால் ஹார்ன் விட்ட இடத்தில் அது மட்டும் போதாது. நான்கு பெட்டி அடுக்குக்கு பிராசசரில் 40 ஹெர்ட்ஸ், ஒற்றைப் பெட்டிக்கு 55 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி), ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று தொடங்கி, அந்த வளைவைப் பார்த்து மேலோ கீழோ நகர்த்துங்கள்.