பச்சைக் கறி தின்னும் நாய்க்குக் காய்கறி எதற்கு?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது, எடை 30 கிலோ. இரண்டு மாதமாகப் பச்சைக் கோழிக்கறிக்கு மாற்றிவிட்டோம். நாயை விற்றவர், “இது ஓநாய் வம்சம், காய்கறி, சோறு எதுவும் கண்ணில் காட்டாதீர்கள்” என்கிறார். என் மாமியாரோ, “சோறு இல்லாமல் ஒரு ஜீவன் எப்படி இருக்கும்?” என்று எனக்குத் தெரியாமல் தயிர்சாதம் போடுகிறார். யார் சொல்வது சரி?
(வாசகி, மதுரை)

பதில்: மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அந்தத் தயிர்சாதத்தால் ஒன்றும் ஆகிவிடாது. சோறு கட்டாயமா என்று மட்டும் கேட்டால், இல்லை. உடம்புக்கு வேண்டிய குளுக்கோஸை நாயின் ஈரல் புரதத்திலிருந்தே தயாரித்துக்கொள்ளும். சினையாக இருக்கும் நாய்க்கும் பால் கொடுக்கும் நாய்க்கும் கொஞ்சம் மாவுச்சத்து இருந்தால் நல்லது, மற்றபடி சோறே பார்க்காமலும் நாய் நன்றாக இருக்கும்.

ஆனால் அந்த ஓநாய்க் கதையை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஓநாய் பெரிய இரையை அடித்தால் இரைப்பையில் இருக்கும் தழையை உதறிவிட்டுத்தான் தின்னும், அதுவரை அவர் சொல்வது உண்மை. அதே ஓநாய் அமெரிக்காவின் மினசோட்டா காடுகளில் கோடைக்காலம் வந்தால் புளூபெர்ரிப் பழத்தை வயிறு நிறையத் தின்கிறது! போகட்டும், நம் நாய் ஓநாயும் இல்லை. 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் அமிலேஸ் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள்தான், நாய்களுக்கோ 4-இலிருந்து 30 வரை. மனிதன் போட்ட மிச்சம் மீதியைத் தின்று தின்றே உடம்பு அப்படிப் பழகியிருக்கிறது. அதனால் குழைய வெந்த சோறு நாய்க்கு நன்றாகவே செரிக்கும். அரைவேக்காடாகவோ மாவாகவோ போட்டால்தான் வயிற்றைக் கலக்கும்.

காய்கறியும் சோறு போலத்தான், கட்டாயமில்லை, ஆனால் உபயோகம் உண்டு. வைட்டமின் சி-க்காகப் போடுகிறோம் என்று சிலர் சொல்வார்கள், அது தேவையே இல்லை, நாயின் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். நார்ச்சத்துக்காகப் போடலாம். எலும்பு அதிகமாகிவிட்டால் மலம் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்து இறுகிப்போகும், நாய் முக்கிக்கொண்டு நிற்கும், அப்போது இரண்டு ஸ்பூன் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் செய்கிற வேலையை வேறு எதுவும் செய்வதில்லை. அப்புறம், ஸ்காட்டிஷ் டெரியர் இனத்துக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதிகம் வரும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் மூன்று முறையாவது கீரையோ கேரட் போன்ற காயோ சாப்பிட்ட ஸ்காட்டிஷ் டெரியர்களுக்கு அந்த நோய் குறைவாக இருந்தது. வளர்ப்பவர்களைக் கேட்டு எழுதிய கணக்கு அது, ஒரே ஓர் இனத்தைப் பற்றியது, காய்கறி புற்றுநோயைத் தடுக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கெடுதல் இல்லாத விஷயம்தானே, நான் போடுகிறேன்.

சரி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்கிறேன். அந்தக் கோழிக்கறியில் எலும்பு இருக்கிறதா? பச்சைக் கறி கொடுப்பவர்கள் கேரட் போடலாமா வேண்டாமா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள், எலும்பை மறந்துவிடுவார்கள். எலும்பில்லாத கோழிக்கறி ஒரு கிலோவில் கால்சியம் 100 மில்லிகிராமைச் சுற்றித்தான் இருக்கும், பாஸ்பரஸோ 2000 மில்லிகிராம் வரை. உங்கள் லாப்ரடாருக்கு நாளைக்குச் சுமார் ஒன்றரை கிராம் கால்சியம் வேண்டும். கறி தராத கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். எலும்பு கொடுக்கப் பயமாக இருந்தால் முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்துக் காயவைத்து மிக்ஸியில் மையாக அரைத்துக் கலந்துவிடுங்கள், ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் கிடைக்கும். இதோடு கொஞ்சம் ஈரலும் வேண்டும். இவ்வளவும் போட்டாலும் துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் ஈ எல்லாம் இடிக்கும். அதற்கு என்ன சேர்ப்பது என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேகவைத்த எலும்பு மட்டும் கூடவே கூடாது, அது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

கேள்வி: நான்கு மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எலும்பில்லாத கறி மட்டும்தான், விலை பார்க்காமல் வாங்கிப் போடுகிறோம். இப்போது முன்னங்கால் வளைந்திருக்கிறது, தூக்கினால் கத்துகிறது. கால்சியம் டானிக் வாங்கி ஊற்றலாமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: இதைப் படித்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன கால்சியம் பற்றாக்குறை வளரும் குட்டிக்கு வந்தால் இப்படித்தான் ஆகும், எலும்பு மெலிந்து லேசான தாவலிலேயே முறியும். அதனால் ஓடவும் மாடிப்படி ஏறவும் விடாதீர்கள். டானிக்கை நீங்களாக ஊற்ற வேண்டாம். வேண்டாத கால்சியத்தை உள்ளே விடாமல் தடுக்கக் குட்டியின் குடலுக்குத் தெரியாது, அளவு மிஞ்சினால் பெரிய இனக் குட்டிகளுக்கு அதுவே எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். சீக்கிரம் கவனித்தால் பெரும்பாலும் உணவை மாற்றியே தேற்றிவிடலாம்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் சிப்பிப்பாறை நாய்க்குக் கேழ்வரகுக் கூழும் கம்மங்கூழும்தான். அது முயல் பிடிக்கவில்லையா? இப்போது தானியமே நாய்க்கு ஆகாது என்கிறார்களே?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: முயலைப் பிடித்த நாய் கூழை மட்டும் குடித்துக்கொண்டா இருந்தது? எலி, ஓணான், வீட்டில் கறி எடுத்த நாளில் மிஞ்சிய எலும்பு என்று அது தனியாக ஒரு சாப்பாட்டுக் கணக்கு வைத்திருந்தது, தாத்தா அதைப் பார்த்திருக்க மாட்டார். மற்றபடி வெந்த தானியத்தில் ஒரு குறையும் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது எலும்புக்கு ஈடாகாது, அவ்வளவுதான். தானியம் இல்லை என்று பெருமையாக அச்சடித்து விற்கும் உலர் தீவனத்தில் தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் கொட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட தீவனம் தின்ற நாய்களுக்கு இதயம் வீங்கும் நோய் வருவதாகப் புகார்கள் வந்து, 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விசாரணையில் இறங்கியது. அதுதான் காரணம் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை, ஆனால் தானியத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் ஓடவும் வேண்டியதில்லை.

கேள்வி: காய்கறிக்காகத் தனியே எதற்கு வேகவைக்க வேண்டும், சாம்பாரில் கிடக்கும் காயை எடுத்துப் போட்டால் ஆகாதா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்தாலும் அந்த விஷம் போகாது. திராட்சையில் நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பது டார்டாரிக் அமிலம்தான் என்று இப்போது கருதுகிறார்கள், நம் புளியில் அது திராட்சையைவிட அதிகம். கேரட், பீன்ஸ், பரங்கிக்காய், கொஞ்சம் முருங்கைக்கீரை, இவற்றை உப்பில்லாமல் வேகவைத்து மசித்துப் போடுங்கள். பச்சையாகத் துண்டு போட்டால் உள்ளே போன மாதிரியே வெளியே வரும்.

கேள்வி: கறிக்கடையில் ஆட்டு நுரையீரலும் ஈரலும் மலிவாகக் கிடைக்கிறது. பச்சையாகவே கொடுக்கலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.
(வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும், அவற்றுக்குள் இருப்பது ஒரு நாடாப்புழுவின் குஞ்சுகள். நாய் அதைத் தின்றால் புழு அதன் குடலில் வளர்ந்து முட்டை மலத்தோடு வெளியே வரும், நாயைக் கட்டிப்பிடித்துவிட்டு விரலை வாயில் வைக்கும் குழந்தையின் ஈரலில் அதே நீர்க்கட்டி வளரலாம். பச்சைக் கறியில் சால்மொனெல்லா கிருமி வேறு, ஃப்ரீஸரில் வைத்தால் அது சாகாது, தூங்கும். உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் வேகவைத்தே கொடுங்கள், கால்சியத்துக்கு எலும்பு வேண்டாம், முட்டை ஓட்டுத் தூள் போதும், பூச்சி மருந்தை டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் கொடுங்கள்.