மொய்யைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகள் கல்யாணத்தில் எல்லாரும் இருபதாயிரம், முப்பதாயிரம் கியாட் மொய் எழுத, அரிசிக்கடைக்காரர் ஒருவர் 5 லட்சம் எழுதிவிட்டார். மறுநாளே என் வீட்டுக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மனுஷருக்கு முகம் சுண்டிப்போயிற்று. தாராள குணத்தையே ஊர் ஊராக அளந்து பார்த்திருக்கிறார்களாமே, அவர்கள் இதை எதில் சேர்ப்பார்கள்? (வாசகி, தட்டோன், பர்மா)

பதில்: அளந்தது உண்மைதான் அம்மா. பெரு நாட்டுக் காட்டில் மச்சிகெங்கா மக்களிடம் 1996இல் ஜோசப் ஹென்ரிக் என்ற மானிடவியலாளர் தொடங்கியது, பிறகு 15 சிறு சமூகங்களுக்குப் பரவியது. ஆட்டம் இதுதான்: ஒருவர் கையில் ஒரு நாள் கூலிக்குக் குறையாத பணம். முகம் தெரியாத ஒருவருக்கு அதில் ஒரு பங்கு சொல்ல வேண்டும். அவர் சரியென்றால் இருவருக்கும் பணம். வேண்டாமென்றால் இருவருக்கும் கிடையாது. மச்சிகெங்காக்கள் சராசரியாக 26 சதவீதம் கொடுத்தார்கள். இந்தோனேசியாவின் லமலேராவில் பாதிக்கு மேல். கூட்டாகத் திமிங்கிலம் பிடித்து, துண்டு துண்டாகப் பங்கு போட்டே பழகிய கை அது.

உங்கள் வீட்டுக்காரரின் கூட்டாளிகள் பப்புவா நியூ கினியில் இருக்கிறார்கள். அங்குள்ள ஆவு, க்னாவு மக்களில் சிலர், பாதிக்கு மேல் நீட்டிய பணத்தையும் வேண்டாமென்று தள்ளினார்கள். கேட்காமல் வந்த பரிசும் அங்கே கடன்தான். கொடுத்தவர் கேட்கிறபோது, கேட்கிறபடி அடைக்க வேண்டும். அதுவரை அவருக்குக் கீழே நிற்க வேண்டும். ஆக, இவர்கள் கஞ்சர்கள் என்றா எழுதுவது? அந்த ஆட்டம் அளந்தது ஊர் வழக்கத்தைத்தான், மனசை அல்ல என்பேன்.

எங்கள் அப்பாவின் மொய் நோட்டு ரங்கூனில் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிச் செய்த பெயர்களைப் பென்சிலால் அடித்திருப்பார். அடிக்காத பெயர்கள் ஒரு பக்கத்துக்கு மேல் வரும். கடைகள் அரசுடைமையானபின் 1964இல் கப்பலேறிச் சென்னைக்குப் போனவர்கள். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்தான். படுத்த படுக்கையிலும் அதைச் சொல்லிப் புலம்பினார்.

அதனால் உங்கள் வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழுதாகத் திருப்பியதுதான் பிசகு. தாம்பூலத் தட்டோடு இருவரும் போய், ஊர் வழக்கப்படி முப்பதாயிரத்தை வாங்கி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போவதற்கு முன், அவர் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரித்துவிடுங்கள்.