ஆர்.சி. விமானத்தின் சி.ஜி.: எந்த அகலத்தில் 30%?

“இறக்கை அகலத்தில் 30 சதவீதத்தில் சி.ஜி. வை என்கிறார்கள். என் விமானத்தின் இறக்கை நுனியை நோக்கிக் கூம்புகிறது. அப்படியானால் எந்த அகலத்தில் 30%?” என்று கேட்டிருக்கிறீர்கள். (ஆர்.சி. என்றால் ரேடியோவால் ஓட்டும் மாதிரி விமானம். சி.ஜி. என்றால் ஈர்ப்பு மையம், அதாவது விமானத்தின் எடை சமநிலையில் நிற்கும் புள்ளி. அகலம் என்பது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை.) நல்ல வேளை, கையால் எறிந்து பறக்கவிடுவதற்கு முன்னால் கேட்டீர்கள்.

முன்னால் ப்ரொப்பெல்லரும் பின்னால் வாலும் உள்ள, இறக்கை நுனிக்கு நுனி 1200 மி.மீ. உள்ள பேட்டரி விமானம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். வாலில்லாத பறக்கும் இறக்கைக்கு 15 முதல் 20 சதவீதம்தான். 30-க்குப் பதிலாகக் கீழே நான் எடுத்துக்கொள்ளும் 28 சதவீதத்தை அதற்கு வைத்துவிட்டு வந்து என்னைத் திட்டாதீர்கள்.

சதவீதம் எடுக்க வேண்டியது உடம்போடு ஒட்டியிருக்கும் அடி அகலத்தில் அல்ல, சராசரி அகலத்தில். அடி அகலமும் நுனி அகலமும் தெரிந்தால் போதும். இரண்டையும் கூட்டுங்கள். இரண்டின் பெருக்கலை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, அதிலிருந்து கழியுங்கள். மீதியில் மூன்றில் இரண்டு பங்குதான் சராசரி அகலம். அடி 240, நுனி 160 என்றால் கூட்டல் 400, பெருக்கல் 38,400, வகுத்தால் 96. 400-இல் 96 போக 304. அதில் மூன்றில் இரண்டு பங்கு 203 மி.மீ.

இந்த 203 இறக்கையில் எங்கே விழுகிறது என்பதும் வேண்டும். ஒரு பக்க இறக்கை நீளம் 600 என்றால் மேற்படி அளவுகளுக்கு அடியிலிருந்து 280 மி.மீ. தள்ளி விழும். கணக்கு பிடிக்காதவர்கள் இறக்கையின் ஒரு பாதியைத் தாளில் வரையலாம். அடிக்கோட்டை முன்பக்கமாக நுனி அகலத்துக்கும், நுனிக்கோட்டைப் பின்பக்கமாக அடி அகலத்துக்கும் நீட்டி, இரு முனைகளையும் இணையுங்கள். அடி, நுனி இரண்டின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோட்டை அது வெட்டும் இடம்தான் சராசரி அகலம் விழும் இடம்.

நுனியின் முன்விளிம்பு அடியைவிட 40 மி.மீ. பின்தள்ளியிருந்தால், 280-இல் அது 19 மி.மீ. பின்தள்ளியிருக்கும். 203-இல் 28% 57. ஆக, அடியின் முன்விளிம்பிலிருந்து 76 மி.மீ. இதே இறக்கையில் முன்விளிம்பு நேராக இருந்து பின்விளிம்பு மட்டும் கூம்பினால் அந்த 19 கிடையாது, 57 மட்டும்தான். அங்கே போய் அடி அகலத்தில் மூன்றில் ஒன்று என்று 80 வைத்தால், உண்மையில் 39 சதவீதத்தில் வைத்திருக்கிறீர்கள். அந்த விமானம் கையை விட்ட நொடியில் மூக்கைத் தூக்கும், ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்), ஒரு பக்கம் சாய்ந்து தரையில் குத்தும்.

இதற்கெல்லாம் இணையத்தில் கணிப்பான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, தாராளமாகப் போடுங்கள். ஆனால் பின்தள்ளல் கட்டத்தில் தவறான எண்ணைப் போட்டாலும் அது சிரித்த முகத்தோடு விடை சொல்லும். அதனால்தான் கையால் ஒருமுறை.

இனி நிறுத்திப் பார்ப்பது. விரல் வேண்டாம். விரல் நுனியே 15 மி.மீ. அகலம், நாம் தேடுவதோ 3 மி.மீ. துல்லியம். ரப்பர் வைத்த இரண்டு பென்சிலைப் பலகையில் ரப்பர் மேலே வரும்படி செங்குத்தாக நட்டு, உடம்புக்கு இரு பக்கமும் குறித்த இடத்தில் தாங்கவிடுங்கள். தாழ்ந்த இறக்கை விமானத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள், நிமிர்த்தி வைத்தால் உருண்டுவிடும். பேட்டரி, ப்ரொப்பெல்லர், ஸ்பின்னர், சக்கரம், மூடி, கடைசி ஸ்க்ரூ வரை எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். எரிபொருள் எஞ்சின் என்றால் டேங்க் காலி. டேங்க் பெரும்பாலும் சி.ஜி.க்கு முன்னால் இருக்கும், எரிய எரிய சி.ஜி. பின்னால் நகரும். (இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் போர் விமானத்தில் நேர்மாறு. விமானிக்குப் பின்னால் சுமார் 320 லிட்டர் டேங்க். அது நிரம்பியிருந்தால் வண்டி அடங்காது என்பதால் அதை முதலில் காலிசெய்தார்கள்.) மட்டமாகவோ மூக்கு ஒரு நூல் தாழ்ந்தோ நின்றால் சரி.

வால் தாழ்ந்தால் உடனே ஈயத்தைத் தேடாதீர்கள், முதலில் பேட்டரியை நகர்த்துங்கள். விமானம் 1200 கிராம், சி.ஜி. 12 மி.மீ. பின்னால் இருக்கிறது என்றால் பெருக்கல் 14,400. பேட்டரி 180 கிராம் என்றால் 80 மி.மீ. முன்னால் போக வேண்டும். இடமில்லையென்றால், சி.ஜி.யிலிருந்து 250 மி.மீ. முன்னால் 58 கிராம் ஈயம். டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் 5 கிராம், 10 கிராம் துண்டுகள் இதற்கு அருமை. ஆனால் அந்தப் பசையை நம்பாமல் மேலே டேப்போ எபாக்சியோ போடுங்கள். பறக்கும்போது கழன்று பின்னால் உருண்டால் கதை முடிந்தது.

வால் சி.ஜி.யிலிருந்து 600 மி.மீ. தள்ளி இருந்தால், வாலில் ஏற்றும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டரை கிராம் தண்டம். வால் உடைந்தால் எபாக்சியை அப்பி ஒட்டும் அன்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். ஸ்பிட்ஃபயர் போர் விமானம் மாதிரி, நிஜ விமானத்தின் அளவைச் சுருக்கிச் செய்த குட்டை மூக்கு ஸ்கேல் மாடல்களுக்கு இன்னும் மோசம்.

இடையில் ஒரு ஆற்றாமை. 2200 (மில்லி ஆம்பியர்-மணி) என்று லேபிள் ஒட்டி விற்கும் சில மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளைத் தராசில் வைத்தால் 140 கிராம்கூட வருவதில்லை. அந்தக் கொள்ளளவுக்கு 170, 180 வர வேண்டும். லேபிளில் பொய் சொல்லலாம், தராசு சொல்லாது. புது பேட்டரி வாங்கினால் எடை போடுங்கள், சி.ஜி.யையும் மறுபடி பாருங்கள்.

முதல் பறப்புக்கு 25 சதவீதமே போதும். மூக்கு கனத்தால் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) அதிகம் இழுக்க வேண்டும், வேகமாக இறங்கும், அவ்வளவுதான். பிறகு நல்ல உயரத்தில், பாதி த்ராட்டிலில் ஸ்டிக்கைத் தொடாமலே நேராகப் போகும்படி ட்ரிம் செய்துவிட்டு, த்ராட்டிலை மூடி 30 டிகிரி சரிவில் மூக்கைத் தாழ்த்தி ஸ்டிக்கை விடுங்கள். விறுக்கென்று மேலே எழுந்தால் சி.ஜி. முன்னால். மெதுவாக நிமிர்ந்தால் நன்று. இன்னும் செங்குத்தாகக் குத்தப் போனால் பின்னால், உடனே இறக்கி மாற்றுங்கள். த்ராட்டிலை மூடாமல் செய்தால் நீங்கள் பார்ப்பது மோட்டாரின் கோணத்தை, சி.ஜி.யை அல்ல. இந்தச் சோதனையே தப்பு என்று வாதாடுபவர்கள் உண்டு. இறக்கைக்கும் வாலுக்கும் உள்ள கோண வித்தியாசமும் இதில் கலக்கும் என்பது உண்மைதான். ஆகவே தலைகீழாகவும் ஓட்டிப் பாருங்கள். மட்டமாகப் பிடிக்க ஸ்டிக்கை நிறையத் தள்ள வேண்டியிருந்தால் மூக்கு கனம், லேசாகத் தள்ளினால் போதுமென்றால் சரி, தள்ளவே வேண்டாம் என்றால் பின்னால் போய்விட்டீர்கள்.

பின்னால் நகர்த்துவதை ஒரு தடவைக்கு 3 மி.மீ. என்று செய்யுங்கள். எலிவேட்டர் தொட்டாலே துள்ள ஆரம்பித்ததும் முந்தைய இடத்துக்குத் திரும்பி, பேட்டரி முனை நிற்கும் இடத்தில் உள்ளே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.