‘சர்டிபிகேட் வரட்டும், பாப்போம்’னு சொன்னா என்ன செய்யறது? சிறப்புக் குழந்தைகளின் பள்ளி உதவி பற்றி கேள்வி பதில்

பாலக்கோடு பக்கம் இருக்கேன். மூத்த பையனுக்கு ஆட்டிசம். அரசுப் பள்ளியில ஒன்பதாவது படிக்கிறான். அவன் பின்னாடி அலைஞ்ச அலைச்சல்லயே சிறப்புக் கல்வியில பி.எட். முடிச்சேன். இப்ப இந்தப் பிள்ளைங்களோடதான் வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் உக்காந்து பதில் எழுதியிருக்கேன். ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேத்துட்டேன்.

காரிமங்கலம், ஒரு தாய்: பையனுக்கு ஆறு வயசு, ஒண்ணாவது போறான். ஒரு இடத்துல உக்கார மாட்டான். பேச்சும் ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பாப்போம்னு பள்ளியில சொல்றாங்க. அதைக் குடுக்குற மருத்துவ முகாம் எப்ப வரும்னே தெரியல அக்கா.

தங்கச்சி, இங்க ரெண்டு விஷயம் ஒண்ணோட ஒண்ணு குழம்பிப் போயிருக்கு. பணம், பஸ் பாஸ், உதவித்தொகை இதுக்கெல்லாம் சான்று வேணும், பெரும்பாலும் அதுல குறைபாடு 40 சதவீதம்னாவது இருக்கணும். பள்ளிக்கூடம் உங்க பையனைச் சேத்துக்கிட்டு அவனுக்கு ஏத்த மாதிரி வகுப்பை மாத்திக்கிறதுக்கு அந்த 40 வேண்டியதில்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16 படிச்சுப் பாருங்க. அரசு நிதி வாங்குற பள்ளியா இருந்தாலும் சரி, அரசு அங்கீகாரம் மட்டும் வாங்கின பள்ளியா இருந்தாலும் சரி, பிள்ளையின் தேவைக்கேத்த வசதியைச் செஞ்சு தரணும்னு இருக்கு. சதவீதக் கணக்கு அந்தப் பிரிவுல கிடையாது. 31ஆம் பிரிவுலதான் வருது. 40 சதவீதமோ அதுக்கு மேலயோ உள்ள பிள்ளைக்கு 6 வயசுலருந்து 18 வரைக்கும் பக்கத்துப் பள்ளியிலயோ, விரும்புற சிறப்புப் பள்ளியிலயோ இலவசக் கல்வின்னு அது சொல்லுது.

அதனால முகாம் ஒரு பக்கம் நடக்கட்டும். நாளைக்கே ஒரு கடிதம் எழுதுங்க. “என் பையனைக் கொஞ்சம் நல்லா பாத்துக்கங்க சார்”னு எழுதினா அவரும் “பாத்துக்கறேம்மா”ன்னுதான் சொல்வாரு, வேற என்ன சொல்வாரு? எதெது வேணும்னு பிரிச்சு எழுதணும். என் பையனுக்கு நான் எழுதினதை உங்க பையனுக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர்றேன்:

“ஐயா, என் மகன் தங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் படிக்கிறான். பேச்சு வளர்ச்சி தாமதமாக உள்ளது. பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார முடிவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16இன்படி அவனுக்குக் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டுகிறேன். முன்வரிசையில், வாசலை ஒட்டாத இடம். இடையிடையே எழுந்து நடக்க அனுமதி. மணி அடிப்பதற்குச் சற்று முன் அவனிடம் சொல்லிவிடுதல். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் அவனை நேரில் பார்த்துத் தனிநபர் கல்வித் திட்டம் தயாரிக்க ஏற்பாடு. நகல்: வட்டாரக் கல்வி அலுவலர்.”

வட்டார வள மையம்னா ஒன்றியத்துல பள்ளிகளுக்கு உதவுற கல்வித்துறை மையம். தனிநபர் கல்வித் திட்டம்னா இந்த ஒரு பிள்ளைக்கு என்ன, எப்படிச் சொல்லித் தரணும்னு எழுதி வெக்கிறது. மணி சமாச்சாரம் எதுக்குன்னா, என் பையன் மணிச் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டு மேசைக்கு அடியில போயிடுவான். அஞ்சு நிமிஷம் முன்னாடி “மணி அடிக்கப் போகுது”ன்னு சொல்லிட்டா பொத்துவான், ஆனா இடத்தை விட்டு நகர மாட்டான். உங்க பையனுக்கு அது பிரச்சினை இல்லன்னா அந்த வரியை எடுத்துட்டு, அவனுக்கு எது இடிக்குதோ அதைப் போடுங்க.

கடிதம் ரெண்டு காப்பி. ஒண்ணைக் குடுத்துட்டு, இன்னொண்ணுல பள்ளி முத்திரை, தேதி, கையெழுத்து வாங்கிக்கங்க. நான் முதல் வருசம் பூரா வாயாலயே பேசினேன். அந்தத் தலைமையாசிரியர் தங்கமான மனுசர், எல்லாத்துக்கும் சரின்னாரு. ஜூன்ல அவருக்கு மாறுதல். புதுசா வந்தவங்க “அப்படி எதுவும் பதிவுல இல்லையேம்மா”ன்னாங்க. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது, பதிவுல நெஜமாவே எதுவும் இல்ல.

கூடவே ஒண்ணு. சட்டத்துல இருக்கிற 21 வகையில ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பேச்சு மொழிக் குறைபாடு எல்லாம் வருது. அதீத துறுதுறுப்பு மட்டும் தனியா ஒரு வகையா அதுல இல்ல. பையன் உக்கார மாட்டேங்குறதை மட்டும் டாக்டர்கிட்ட சொல்லாம, பேச்சையும் சேத்து விவரமா சொல்லுங்க.

ஊத்தங்கரை, ஒரு தாய்: அடுத்த மாசம் மருத்துவ முகாம்னு சொல்லியிருக்காங்க. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

ஆதார், ரேஷன் கார்டு நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இதுவரைக்கும் பாத்த வைத்தியத்தோட சீட்டு எல்லாம். இதை யாரும் சொல்லிடுவாங்க. யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன்.

ஒரு முகாம்ல எனக்கு முன்னாடி ஒரு அம்மா நின்னாங்க. பொண்ணுக்கு எட்டு வயசு. டாக்டர் “தானா சாப்பிடுமா?”ன்னாரு. “ஓ, நல்லா சாப்பிடும் சார்.” “துணி?” “போட்டுக்கும் சார்.” ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. வெளிய வந்து விசாரிச்சா, களியை உருட்டிக் குழம்புல தொட்டு வாய்கிட்ட கொண்டுபோனாதான் சாப்பிடுமாம். சட்டையை இவங்க தலையில மாட்டிவிட்டா கையை மட்டும் நீட்டுமாம். அந்தம்மா பொய் சொல்லல. பெத்த பொண்ணை நாலு பேர் முன்னாடி விட்டுக்குடுக்க மனசு வரல. ஆனா காகிதத்துல ஏறினது “தானாகச் செய்கிறாள்.”

அதனால முந்தின நாள் ராத்திரி ஒரு தாள்ல எழுதுங்க: எதை நாம செஞ்சுவிடுறோம், எத்தனை தடவை சொன்னா செய்யும், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குது. அடம் பிடிக்கிறப்ப போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வெச்சுக்கங்க. டாக்டர் முன்னாடி சமத்தா உக்காந்துக்கிட்டு நம்மளைப் பொய்யராக்குறதுல இந்தப் பிள்ளைங்களுக்கு ஈடே கிடையாது.

அஞ்சு வயசுக்குள்ள வாங்குற சான்று பெரும்பாலும் தற்காலிகம்தான். அதுல எந்த வருசம் மறுபடி வரணும்னு இருக்கும், பாத்து வெச்சுக்கங்க. யு.டி.ஐ.டி.ங்கற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்துல பதியணும். இ-சேவை மையத்துலயும் பதிஞ்சு குடுப்பாங்க.

தளி, ஒரு தந்தை: வீட்டுல நாங்க பேசுறது கன்னடம். பையனைத் தமிழ்ல சோதிச்சுட்டு அறிவுத்திறன் ரொம்பக் கம்மின்னு எழுதிட்டாங்க. எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்க சந்தேகம் நியாயம் அண்ணா. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர், வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில தமிழைப் பாக்குற பிள்ளைங்க நிறைய. “வாழைப்பழத்தோட நிறம் என்ன?”ன்னு கேக்குறப்ப அவனுக்கு வாழைப்பழமும் தெரியும், மஞ்சளும் தெரியும், கேள்விதான் தெரியல.

வீட்டு மொழி கன்னடம்னு முதல்லயே எழுதிக் குடுத்துட்டு, மொழி தேவைப்படாத சோதனையையும் சேத்து வைக்கச் சொல்லி மறுமதிப்பீடு கேளுங்க. செகுயின் பார்ம் போர்டுன்னு ஒண்ணு இருக்கு. மரப்பலகையில வட்டம், நட்சத்திரம், சிலுவைன்னு பத்து வடிவத்துக்குப் பள்ளம் வெட்டியிருக்கும். கட்டையை எடுத்து அதனதன் பள்ளத்துல வைக்கணும், நேரத்தைக் குறிப்பாங்க. பையன் அதுல கடகடன்னு வெச்சுட்டு, பேச்சுல மட்டும் திணறினான்னா கதை வேற. அப்ப காதையும் ஒரு தடவை சோதிச்சுடுங்க. காது கேக்காத பிள்ளையை மந்தம்னு சொன்ன கதை நான் பாத்ததே ரெண்டு மூணு இருக்கு.

மாவட்டத்துல கன்னட வழி, தெலுங்கு வழி அரசுப் பள்ளிகளும் இருக்கு. பள்ளியை மாத்துறதா வேணாமான்னு மறுமதிப்பீடு வந்தப்புறம் யோசிக்கலாம், அவசரப்படாதீங்க.

கிருஷ்ணகிரி, பெயர் வேண்டாம்: தனியார் பள்ளி. மூணாவது படிக்கிற பொண்ணுக்கு “நீங்களே டி.சி. வாங்கிக்கங்க, மத்த பெற்றோர் புகார் சொல்றாங்க”ன்னு தினம் போன் பண்றாங்க.

“நீங்களே வாங்கிக்கங்க”ங்கறதுல இருக்கிற சூட்சுமத்தைக் கவனிச்சீங்களா? அவங்களா அனுப்பினா அது நீக்கம். நீங்களா கேட்டா உங்க விருப்பம். கல்வி உரிமைச் சட்டம் 2009லயும் பிரிவு 16தான்: எட்டாவது முடியுற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. ரெண்டு சட்டத்துலயும் நமக்கு வேண்டியது 16லயே இருக்கு, ஞாபகம் வெச்சுக்க வசதி.

எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. “சொல்றதை எழுத்துல குடுங்க மேடம்”னு மட்டும் கேளுங்க. முக்கால்வாசி அதோட போன் நிக்கும். நிக்கலன்னா முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு.

ஆனா ஒண்ணு, மனசாரச் சொல்றேன். சட்டத்தால இடத்தைக் காப்பாத்தலாம், அந்த வகுப்புல உங்க பொண்ணை யாராச்சும் விளையாடச் சேத்துக்கிறாங்களான்னு சட்டம் பாக்காது. என் பையனை ஒரு தனியார் பள்ளியில சண்டை போட்டு ஒரு வருசம் வெச்சிருந்தேன். கடைசி பெஞ்சுல தனியா உக்கார வெச்சு, கலர் பென்சில் குடுத்துட்டு விட்டுட்டாங்க. வருசம் பூரா ஒரே ஆப்பிளுக்கு வண்ணம் அடிச்சான். அப்புறம்தான் ஊர்ப் பள்ளிக்கு மாத்தினேன். உரிமையையும் விடாதீங்க, பொண்ணு சாயங்காலம் எந்த முகத்தோட வீட்டுக்கு வருதுன்னும் பாருங்க.

அரூர், ஒரு தாய்: மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினா நாளைக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு இடைஞ்சல்னு மாமியார் விட மாட்டேங்குறாங்க.

அட்டை பீரோவுல இருக்கும்மா, கழுத்துல தொங்காது. பெண் பிள்ளைக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல மாசம் 200 ரூபா வீதம் பத்து மாசத்துக்கு உதவித்தொகை இருக்கு. தொகை சின்னதுதான். ஆனா மாமியார்கிட்ட “பேத்தி பேர்ல பணம் வருது”ன்னு ஆரம்பிச்சுப் பாருங்க, எனக்கு வேலை செஞ்சிருக்கு.

பென்னாகரம், ஒரு தந்தை: பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறோம், ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க. பையனோட சலுகை போயிடுமா?

யு.டி.ஐ.டி. இந்தியா பூரா செல்லும், கர்நாடகாவுலயும் அதே எண்தான். டி.சி. வரத் தாமதம்னு சொல்லி அங்க சேக்க மாட்டேன்னு சொல்லக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. ஆனா தம்பி, முடிஞ்சா பாட்டிகிட்ட விட்டுட்டுப் போங்க. பெரியவங்களுக்கு இடம் மாறுறது வேற. இந்தப் பிள்ளைங்க ஒவ்வொரு ஊர்லயும் கழிப்பறை எங்கன்னு கத்துக்கவே ரெண்டு மாசம் ஆகும். வேற வழியில்லன்னா தனிநபர் கல்வித் திட்டத்தோட நகலைக் கையில எடுத்துட்டுப் போங்க.

தருமபுரி நகரம், ஒரு தாய்: ரெண்டாவது படிக்கிறான். வாயால கேட்டா எல்லாம் சொல்வான், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கற்றல் குறைபாடா?

இருக்கலாம். ஆனா அந்தச் சான்று எட்டு வயசுக்கு மேலதான் தருவாங்க. அதுவரைக்கும் சும்மா இருக்கணும்னு இல்ல. எண்ணும் எழுத்தும்னு சின்ன வகுப்புகளுக்கு அரசு நடத்துற திட்டத்துல அவன் எந்த நிலையில இருக்கான்னு டீச்சர்கிட்ட கேளுங்க. “ப”வையும் “ம”வையும் மாத்திப் போடுறானா, வரியைத் தாண்டிப் படிக்கிறானான்னு நீங்களும் தேதி போட்டுக் குறிச்சு வைங்க, பழைய நோட்டைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க.

பின்னாடி பத்தாவது பொதுத்தேர்வுல ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்குன்னு சலுகைகள் இருக்கு. தேர்வு நெருங்கினப்புறம் ஓடாம ஒன்பதாவதுலயே பள்ளி வழியா கேக்கணும்.

சித்தேரி மலை, ஒரு உறவினர்: அக்கா பையனுக்கு மூளை முடக்குவாதம், நடக்க மாட்டான். வீட்டுலயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க.

கடுமையான பாதிப்பு இருந்தா வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்க உரிமை உண்டு. தேர்ந்தெடுக்கிறது பெத்தவங்க, வேற யாரும் “இருக்கட்டும்”னு முடிவு பண்ணக் கூடாது. பையன் பேர் பள்ளிப் பதிவேட்டுல இருக்கான்னு முதல்ல பாருங்க. வள மையத்துலருந்து சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் என்னைக்கு வருவாங்கன்னு கேட்டு, வந்த தேதியை காலண்டர்லயே வட்டம் போடுங்க. மழைக்காலத்துல வட்டம் கொறைஞ்சா அந்த காலண்டரையே கொண்டுபோய்க் காட்டலாம்.

அறிவுசார் குறைபாடோ கடுமையான பாதிப்போ இருந்தா மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை, கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விண்ணப்பம். பணம் பத்தி வந்த மத்த கேள்விகளுக்கும் இதே அலுவலகம்தான்.

பர்கூர், ஒரு தாய்: அங்கன்வாடி போற மூணு வயசுப் பையன், இன்னும் “அம்மா” வரல. பள்ளி சேர்ந்தப்புறம் பாக்கலாமா?

வேணாம். இந்த வாரமே. அங்கன்வாடிக்கு வர்ற சிறார் நலத் திட்ட (ஆர்.பி.எஸ்.கே.) டாக்டர் குழுகிட்ட சொல்லி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு வாங்குங்க. முதல்ல காது சோதனை.

மொரப்பூர், ஒரு தந்தை: நீங்க முன்னாடி சொன்ன மாதிரி கடிதம் குடுத்து மூணு மாசம் ஆச்சு. ஒண்ணும் நடக்கல மேடம்.

முதல்ல பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல எழுந்து கேளுங்க, தீர்மானத்துல ஏத்தச் சொல்லுங்க. அங்கயே பாதி முடியும். இல்லன்னா வட்டாரக் கல்வி அலுவலர், அப்புறம் முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417லயும் பதிஞ்சு வைங்க. அதுக்கும் மேல சென்னையில மாற்றுத்திறனாளிகள் மாநில ஆணையர் இருக்காரு, தபால்லயே மனு அனுப்பலாம்.

நடுவுல திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். மனுவோட அந்தப் பழைய கடிதத்தை, முத்திரையும் தேதியும் தெளிவாத் தெரியுற மாதிரி ஜெராக்ஸ் எடுத்து இணைங்க. மனு எண் போட்ட சீட்டை வாங்காம வெளிய வராதீங்க. பையனைக் கூட்டிட்டுப் போக வேணாம். நான் ஒரு தடவை கூட்டிட்டுப் போய், அந்தக் கூட்டத்துலயும் மைக் சத்தத்துலயும் அவன் கத்த ஆரம்பிச்சு, மனுவைக் குடுக்காமலே பஸ் ஏறிட்டேன். அடுத்த திங்கள் என் அம்மாகிட்ட விட்டுட்டுத் தனியாத்தான் போனேன்.